ஆனிபால் நிற்கும் விதம்

டென்னசி,
24 ஜூன் 1984

அன்புள்ள ஃபிடென்சியோவுக்கு,

நான் நலம். நீயும் மெர்சேதிஸும் என் ஞானமகள் மிலாக்ரோஸும் எப்படி இருக்கிறீர்கள்? வந்து மூன்று வாரமாகியும் ஒரு வரி எழுதவில்லை என்று திட்டியிருப்பாய். திட்டு. இங்கே மலைக்கு நடுவில் இந்தச் சின்ன ஊரில் அரிசியும் பீன்ஸும் கிடைக்காமல் எனக்கே என் மேல் கோபமாகத்தான் இருக்கிறது.

நம் பேஸ்பால் அணிக்கு நீ ஊரில் தேடிப் பிடித்து அனுப்பிய ஆனிபால் நல்லபடியாக வந்து சேர்ந்தான். மிளகாய் ஊறுகாய் புட்டியை மட்டும் விமான நிலையத்தில் பிடுங்கிக்கொண்டார்களாம். அதற்கு அழாத குறை.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். நடு வெளிக்களத்திலிருந்து மூன்றாவது தளத்துக்கு அவன் எறிந்த பந்து ஒரு தடவைகூடத் தரையைத் தொடவில்லை. வாயில் புகையிலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த என் உதவிப் பயிற்சியாளன் துப்ப மறந்து விழுங்கிவிட்டான். ஓட்டமும் அப்படித்தான். இவ்வளவு வருடத்தில் நீ அனுப்பியவர்களில் இவன்தான் உருப்படி.

ஆனால் மட்டையைப் பிடித்தால் எனக்கு ஒன்றும் புரியவில்லை. காலைப் பயிற்சியில் பரவாயில்லை. சாயங்காலம் விளக்கைப் போட்டதும் வேறு ஆள். பந்து கைக்கு வந்த பிறகு மட்டையை வீசுகிறான். நிற்கும் விதமும் வேடிக்கையாக இருக்கிறது. முன்னங்காலை வெளியே தள்ளி, நெஞ்சையும் முகத்தையும் பந்தெறிபவன் பக்கம் முழுசாகத் திருப்பி, தபால்காரனை எதிர்பார்த்து வாசலில் நிற்பவன் மாதிரி நிற்கிறான். "யாருடா சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டேன். "டான் ஃபிடென்சியோ" என்றான், ஐயா என்கிற மரியாதையோடு.

இன்னும் சில. சாப்பிடும்போது தண்ணீர்க் கோப்பையைத் தட்டிவிடுகிறான், ஒரு நாள் இல்லை, பல நாள். யாராவது பக்கத்தில் வந்தால் திடுக்கிடுகிறான். பேருந்தில் இடது பக்க ஜன்னலோரத்தை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. அதற்காக ஒருவனோடு கைகலப்பே நடந்தது. குடிக்கிறானோ என்று வாயை மோந்து பார்த்துவிட்டேன். வாசனை இல்லை. இருந்தாலும் மனசு ஒப்பவில்லை.

அவனைப் பற்றி நீ என்னிடம் சொல்லாதது ஏதாவது இருக்கிறதா? மறைக்காமல் எழுது.

அன்புடன்,
எலாடியோ


ஹாடோ மாயோர்,
4 ஜூலை 1984

அன்புள்ள எலாடியோவுக்கு,

உன் கடிதம் வந்தது. மூன்று வாரம் கழித்து எழுதுகிறவன் முதல் பக்கத்திலேயே சந்தேகத்தையும் சேர்த்து அனுப்புகிறாய். சரி, பழைய வழக்கம்தானே. நான் பந்து எறிய, நீ எதிரே உட்கார்ந்து பிடித்த காலத்தில் என் சுண்டுவிரல் நேராக இல்லை என்று ஆட்டத்தை நிறுத்தி நடந்து வந்தவன் நீ.

அவன் குடிப்பதில்லை. அவன் அம்மா யூதோக்சியா பெந்தெகொஸ்தே சபை. ரம் வாசனை அடித்தால் ஆளை அல்ல, வீட்டையே கழுவிவிடுவாள். கோப்பையைத் தட்டிவிடுகிறான் என்றால் அவன் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டவன் இல்லை. கரும்புத் தோட்டத்துக் குடியிருப்பில் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிடுவார்கள். உனக்குத் தெரியாததா?

நிற்கும் விதம் என் வேலைதான். ஆரம்பத்தில் அவன் எல்லாரையும் போலத் தோளைக் காட்டிக்கொண்டுதான் நின்றான். பந்து கடந்துபோன பிறகு விழித்தான். காலைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளி நிறுத்தினேன். அடிக்க ஆரம்பித்தான். அடிக்கிறவனை ஏன் அடிக்கிறாய் என்று யார் கேட்பார்கள்? இரவு ஆட்டம் அவனுக்குப் புதுசு. எங்கள் மைதானத்தில் விளக்கு இருந்தால் மாடுகள்தான் சந்தோஷப்படும். ஒரு மாதம் பொறு.

நீ கேட்டாய், நானும் ஒன்று கேட்கிறேன். உன் தங்கை மகன் ஃபாஸ்டோவும் நடு வெளிக்களம்தானே? ஆனிபால் உட்கார்ந்தால் ஆடப்போவது அவன்தானே? இது குற்றச்சாட்டு இல்லை. கேள்விதான்.

ஒன்றை நினைவில் வை. நான் அனுப்பிய கடைசி மூன்று பேரும் திரும்பி வந்துவிட்டார்கள். தலைமை அலுவலகத்து ஹால்வர்சன் போன மாதம் என்னிடம் சிரித்துக்கொண்டே, "இவனும் வந்துட்டா, உங்களையும் வீட்டுக்கு அனுப்பிட வேண்டியதுதான்" என்றார். அவர் சிரிப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

மிலாக்ரோஸ் உன்னிடம் ஊதா நிற ரிப்பன் கேட்கிறாள். கொண்டு வா.

உன்,
ஃபிடென்சியோ


டென்னசி,
12 ஜூலை 1984, வியாழன்

ஃபிடென்சியோ,

நலம் விசாரிக்க மனம் வரவில்லை. மன்னித்துக்கொள்.

நேற்று ஆனிபாலின் தலையில் பந்து பட்டது. இடது காதின் மேல், தலைக்கவசத்தின் ஓரத்தில். கவசம் பிளந்துவிட்டது. பையன் பிழைத்துவிட்டான், பயப்படாதே. காதில் நாலு தையல். ஆனால் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பந்து வருகிறது, அரங்கமே கத்துகிறது, அவன் அசையவில்லை. பயந்தவன் குனிவான், அசட்டுத் தைரியக்காரன் பல்லைக் கடிப்பான். இவன் முகத்தில் எதுவுமே இல்லை. பந்து வருவதையே அறியாத முகம்.

இன்று மத்தியானம் அவன் படுத்திருந்தபோது இடது பக்கமாகப் போய், கையிலிருந்த துண்டை அவன் கண்ணுக்குப் பக்கத்தில் ஆட்டினேன். இமைக்கவில்லை. வலது பக்கமாக வந்து ஆட்டினேன். "எதுக்கு சார் ஈ ஓட்டுறீங்க?" என்று கேட்டான்.

அவனுக்கு இடது கண் தெரியாது, ஃபிடென்சியோ. வலது பக்கம் நின்று மட்டை பிடிப்பவனுக்குப் பந்தைப் பார்க்கும் முன்கண்ணே அதுதான். அதனால்தான் கோப்பை விழுகிறது. அதனால்தான் ஜன்னலோரம்: எல்லாரும் தன் வலது பக்கமே இருக்க வேண்டும். அதனால்தான் அவனை முழுசாகத் திருப்பி நிறுத்தியிருக்கிறது, நல்ல கண்ணும் பந்தைப் பார்க்கட்டும் என்று. அப்படித் திருப்பி நிறுத்தியது நீ. உன் கையெழுத்திலேயே எழுதியிருக்கிறாய்.

உனக்குத் தெரியுமா? தெரியும் என்றுதான் நினைக்கிறேன். நாலாவது ஆளும் திரும்பி வந்தால் உன் வேலை போய்விடும் என்று ஒரு கண் இல்லாத பையனை இந்த வேகப் பந்துகளுக்கு முன்னால் அனுப்பினாயா? அவன் செத்திருந்தால் யூதோக்சியாவிடம் யார் போய்ச் சொல்வது? நீயா, நானா?

ஃபாஸ்டோவைப் பற்றி நீ கேட்டதற்குப் பதில் சொல்லமாட்டேன். அது பதிலுக்குத் தகுந்த கேள்வி இல்லை.

என்ன இருந்தாலும் நீ என் நண்பன். உன் பதில் வரும்வரை யாரிடமும் வாய் திறக்கமாட்டேன். சீக்கிரம் எழுது.

எலாடியோ


ஹாடோ மாயோர்,
23 ஜூலை 1984

அன்புள்ள எலாடியோவுக்கு,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். பிறகு மெர்சேதிஸிடம்கூடச் சொல்லாமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராகக் கரும்புத் தோட்டத்துக்குப் போனேன். யூதோக்சியா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மகன் காதில் அடி, இப்போது நலம் என்று முதலில் சொன்னேன். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் கேட்டேன்.

"யூதோக்சியா, பையனுக்கு இடது கண்ணு தெரியாதா?"

"தெரியாதுங்க. ஒன்பது வயசுல கரும்புச் சோகை கிழிச்சிருச்சு. வெளியே பார்த்தா ஒண்ணும் தெரியாது, உள்ளே போயிருச்சு."

"இதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலயே ஐயா. காலைப் பார்த்தீங்க, கையைப் பார்த்தீங்க, பல்லைக்கூடத் திறந்து பார்த்தீங்க. கண்ணைப் பத்தி வாயே திறக்கல. நானா வந்து, எம்புள்ளைக்கு ஒரு கண்ணு இல்ல, கூட்டிட்டுப் போகாதீங்கன்னா சொல்லுவேன்?"

மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

எலாடியோ, எனக்குத் தெரியாது. என் மகள் மேல் ஆணையாகச் சொல்கிறேன், அவள் உனக்கும் மகள்தான். சத்தியம் போதாது என்று நினைத்தால் இதை யோசித்துப் பார். ஆனிபால் என்னிடம் வந்தபோது இடது பக்கம் நின்றுதான் அடித்தான். எறிவது வலது கை, அடிப்பது இடது பக்கம். குடியிருப்புப் பையன்கள் அவனுக்குப் பந்து போடவே பயப்படுவார்கள். அவனை வலது பக்கம் மாற்றியது நான். வெளிக்களத்துக்கு வலது பக்க மட்டையாளன்தான் வேண்டும், இடது பக்கத்தவர் ஏற்கனவே நிறைய இருக்கிறார்கள் என்று ஹால்வர்சன் சொன்னதால் மாற்றினேன். பையனும் சரி சரி என்று தலையாட்டினான். வேண்டாம் என்றால் எங்கே விட்டுவிடுவேனோ என்று பயந்திருப்பான்.

நீயே சொல். தெரிந்திருந்தால், குருட்டுக் கண்ணை முன்னால் வைத்து நிறுத்துவேனா? இடது பக்கம் நின்றிருந்தால் அவனுடைய நல்ல கண்ணல்லவா முன்கண்! திருடனாக இருந்தால்கூட, இவ்வளவு முட்டாள் திருடனாகவா இருப்பேன்?

என் தப்பு அதுதான். நன்றாக இருந்ததை எடுத்துக் கெடுத்தேன். கெட்டதை முட்டுக்கொடுத்து நிறுத்தினேன். முட்டுக்கொடுத்தது உன் கண்ணில் சதியாகப்பட்டிருக்கிறது.

காது ஆறியதும் அவனை இடது பக்கம் நிறுத்திப் பார். என்னை நம்ப வேண்டாம், பார்த்த பிறகு முடிவு செய். கண் விஷயத்தை அதன்பிறகு தலைமை அலுவலகத்துக்கு நாம் இரண்டு பேருமாகச் சேர்ந்தே சொல்வோம். மறைக்கச் சொல்லவில்லை.

ஃபாஸ்டோவைப் பற்றி நான் எழுதியது கேவலம். எழுதிய அன்றே வருந்தினேன். நீ என்னைச் சந்தேகப்பட்டும், என் பதிலுக்காக வாயைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறாயே, அதற்கு நன்றி. வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே போட்டுக்கொடுத்திருப்பான்.

உன்,
ஃபிடென்சியோ


டென்னசி,
4 ஆகஸ்ட் 1984

அன்பு நண்பன் ஃபிடென்சியோவுக்கு,

உன் கடிதம் கிடைத்த அன்றே ஆனிபாலை மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். தையல் பிரித்தாகிவிட்டது. மட்டையைக் கையில் கொடுத்து, "இடது பக்கம் போய் நில்லுடா" என்றேன்.

அவன் முகம் வெளுத்துவிட்டது. "யாரு சொன்னாங்க?" என்றான்.

"உங்கம்மா."

மட்டையைத் தரையில் ஊன்றினான். "டான் ஃபிடென்சியோவுக்குத் தெரியாதுங்க. அவரைத் திட்டாதீங்க. தலைநகர்ல டாக்டர்கிட்டேயே மறைச்சுட்டேன். ஒரு கண்ணைப் பொத்திக்கிட்டுப் படின்னாரு. இடது கண்ணைப் பொத்திக்கிட்டுப் படிச்சேன். சரி, இப்ப மாத்துன்னாரு. கையைத்தான் மாத்தினேன், கண்ணை மாத்தல. அவரு எழுதிக்கிட்டே இருந்தாரு, நிமிர்ந்தே பார்க்கல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவனும் சிரித்தான். பிறகு இடது பக்கம் போய் நின்றான். ஃபிடென்சியோ, அந்த நிற்கும் அழகை நான் எப்படி எழுதுவேன்! யாரும் எதுவும் சொல்லிக் கொடுக்காத நிற்பு. தோள் தொங்கவில்லை, கால் அலையவில்லை. முதல் பந்தே வலது வேலிக்கு மேல் போய், பக்கத்துத் தேவாலயத்தின் கார் நிறுத்துமிடத்தில் விழுந்தது. பாதிரியார் வெளியே வந்து பார்த்தார். விளக்கு வெளிச்சத்திலும் அடிக்கிறான். தனக்கு முன்னால் வரும் எல்லாவற்றையும் பார்க்கிறான்.

நீ சொன்னது எல்லாம் உண்மை. உன்னிடம் பேசிய பேச்சுக்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஊருக்கு வந்து நேரிலும் கேட்பேன்.

ஒரு சங்கடம். தலைமை அலுவலகத்துக்கு எப்படியோ விஷயம் எட்டிவிட்டது. போன வாரம் ஒரு கண் மருத்துவரை அனுப்பினார்கள். இடது கண்ணில் வெளிச்சம்கூடத் தெரியவில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. நீ கவலைப்படாதே. ஹால்வர்சனிடம் பையன் இடது பக்கம் அடிப்பதை வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

ஊதா ரிப்பன் வாங்கி வைத்துவிட்டேன்.

உன்,
எலாடியோ


டென்னசி,
2 செப்டம்பர் 1984

அன்பு ஃபிடென்சியோவுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. ஏன் இல்லை என்று இப்போது தெரிந்துவிட்டது. முந்தாநாளும் நேற்றும் ஹால்வர்சன் வந்திருந்தார். ஜூலை கடைசியிலேயே உன்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டதாக, மழையைப் பற்றிச் சொல்வது மாதிரி சொன்னார். உன் இடத்தில் வேறு ஒருவனை வைத்தாயிற்றாம்.

நான் போன கடிதத்தில் பொய் எழுதினேன். யார் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியும். நான்தான்.

பந்து பட்டதைப் பற்றி உனக்குக் கடிதம் எழுதித் தபாலில் போட்ட அன்று மாலையே ஹால்வர்சனைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். பையனுக்கு மறுபடி அடிபட்டால் என்ற பயம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அதற்கு அவனை ஆட்டத்தில் இறக்காமல் உட்காரவைத்திருந்தால் போதும். கண்ணைப் பற்றி மட்டுமாவது சொல்லியிருக்கலாம். "தேடிப் பிடித்தவனுக்குத் தெரிந்தே நடந்திருக்கிறது" என்றும் சொன்னேன். அவர் கேட்கக்கூட இல்லை, நானாகச் சொன்னேன். நாளைக்கு எல்லாம் வெளியே வரும்போது, ஃபிடென்சியோவின் நண்பனுக்கும் தெரியும் என்று யாரும் என்னை நோக்கி விரல் நீட்டக்கூடாது என்று நினைத்தேன். அதுதான் நிஜம்.

ஹால்வர்சனிடம் எல்லாவற்றையும் திருத்திச் சொல்லிவிட்டேன். அவனை வலது பக்கம் மாற்றச் சொன்னதே நீங்கள்தானே என்றும் சொன்னேன். "இருக்கலாம். ஆனா அந்த இடத்துக்கு ஆள் போட்டாச்சே" என்றார். அதற்குமேல் அவரிடம் எதுவும் நகரவில்லை.

ஆனிபாலை வைத்துக்கொண்டார்கள். இரண்டு ஆட்டம் பார்த்தார். இரண்டாவதில் பையன் மூன்று தடவை அடித்தான், ஒன்று வேலி தாண்டியது. அடுத்த வருடம் ஒரு படி மேலே இருக்கும் அணிக்கு அனுப்புகிறார்கள். ஃபாஸ்டோவைப் போன மாதமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என் தங்கை இரண்டு வாரமாக என்னோடு பேசவில்லை. உனக்கு இது ஆறுதலாக இருக்கும் என்று எழுதவில்லை, தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

"எங்க அம்மாகிட்ட டான் ஃபிடென்சியோவை அனுப்பி உண்மையைக் கேட்கச் சொன்னது நீங்கதானே?" என்று ஆனிபால் என்னிடம் நன்றி சொன்னான். அந்த நன்றியை வாங்கிக்கொள்ள என்னால் முடியவில்லை. உன்னைப் பற்றி அவனிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அழுதான்.

பக்கம் பக்கமாகத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

எலாடியோ


ஹாடோ மாயோர்,
20 அக்டோபர் 1984

மதிப்பிற்குரிய எலாடியோ அவர்களுக்கு,

தங்களுடைய இரண்டு கடிதங்களும் கிடைத்தன. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கு நாங்கள் நலம்.

எனக்கு இப்போது சர்க்கரை ஆலையின் சரக்குக் கிடங்கில் வேலை. ஆலை மேலாளர் பழைய ரசிகர். ஆகவே என்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

தங்கள் கடைசிக் கடிதம் வருவதற்கு முன்பே எனக்கு விஷயம் தெரியும். ஹால்வர்சன் என்னைத் தலைநகரத்தில் ஒரு ஹோட்டலுக்கு அழைத்திருந்தார். எனக்குத் தெரிந்தே அனுப்பினேன் என்றார்; நான் மறுத்தபோது, "உங்க நண்பரே வியாழக்கிழமை போன் பண்ணிச் சொன்னாரே" என்றார். எந்த வியாழன் என்று கேட்டேன். சொன்னார். என் பதில் வரும்வரை வாய் திறக்கமாட்டேன் என்று தாங்கள் எனக்கு எழுதிய நாள். நான் அவரிடம் அதற்குமேல் வாதாடவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

தாங்கள் என்னைச் சந்தேகப்பட்டதில் எனக்கு வருத்தம் இல்லை. தங்கள் இடத்தில் நான் இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன். ஃபாஸ்டோ விஷயத்தில் நானும் அதைத்தானே செய்தேன். என்னிடம் கேட்ட தாங்கள் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அவ்வளவுதான். அதன்பிறகு நான் நன்றி சொல்லி எழுதிய கடிதத்தைத் தாங்கள் படித்துக்கொண்டிருந்த காட்சியை மட்டும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஆனிபாலைப் பற்றிச் சில விஷயங்கள். களைத்துப்போனால் அவன் கைகள் கீழே இறங்கும். வாயால் சொன்னால் கோபப்படுவான், முழங்கையைத் தொட்டுக் காட்டினால் போதும். தாழ்வாக வெளியே போகும் பந்தைத் துரத்துவான், விட்டுவிடச் சொல்லுங்கள். இரட்டைக் காது மூடிய தலைக்கவசம் இல்லாமல் அவனை இறக்காதீர்கள். வெளிக்களத்தில் இடது பக்கத்து ஆட்டக்காரனை உரக்கக் கூப்பிடச் சொல்லிப் பழக்குங்கள். அந்தப் பக்கம் ஓடிவருபவன் அவனுக்குத் தெரியமாட்டான், மோதிக்கொள்வார்கள். யூதோக்சியாவை ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். அவளிடமும் தங்களைப் பற்றித் தவறாக எதுவும் சொல்லவில்லை. அவனைக் காப்பாற்றியது தாங்கள்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இங்கே நம் ஊர்ப் பக்கம் நடக்கும் குளிர்கால ஆட்டங்களுக்குத் தங்கள் அணியில் அவனையும் சேர்த்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். இடது பக்கம் நின்று அடிப்பதை நானும் பார்க்க ஆசைப்படுகிறேன். ஒரு நாள் சீட்டு வாங்கிக்கொண்டு வருவேன். மூன்றாவது தளத்துப் பக்கம், மேல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். என்னைப் பார்க்க நேர்ந்தால் தாங்கள் ஏறி வர வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஃபிடென்சியோ மோத்தா அல்காந்தரா